வரைபடத்தில் ஓடும் இணையம்

அமெரிக்க நாட்டுப்புறத்துக்கு அதிவேக இணையம் முதலில் வந்து சேர்வது அரசு வரைபடத்தில்தான். கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தின் பழைய கணக்கு எளிமையானது: ஒரு கணக்கெடுப்பு வட்டாரத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்புத் தர முடிந்தாலும் வட்டாரம் முழுவதும் சேவை பெற்றதாகவே பதிவாகும். நகரத்தில் வட்டாரம் என்பது நாலு தெருவுக்கு நடுவிலுள்ள இடம். பண்ணைப் பகுதியில் பல சதுர மைல். நெடுஞ்சாலையோர வீடு படம் பார்க்கும்; மலைக்கு அப்பால் இருப்பவர் பயனாளி ஆகிவிடுவார். மானியம் அவருக்கு எதற்கு?

2022 நவம்பரில் வீடுவாரியான வரைபடம் வந்தது. பிழை இருந்தால் முறையிடலாம், இணையம் வழியாக.

வேகத்தின் இலக்கணமும் வளர்ந்தது. 2015இல் விநாடிக்கு 25 மெகாபிட் பதிவிறக்கம் அதிவேகம் எனப்பட்டது. 2024இல் அது 100 ஆனது. 25 கிடைக்காமல் காத்திருந்தவர் 100 கிடைக்காமல் காத்திருப்பவராகப் பதவி உயர்வு பெற்றார்.

காத்திருப்பின் காரணம் ரகசியமல்ல. கம்பமும் கண்ணாடி இழையும் தூரத்துக்கேற்பச் செலவு வைக்கும். வருமானமோ வீடுகளின் எண்ணிக்கைக்கேற்பவே வரும். 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம் இந்தப் பள்ளத்தை நிரப்ப 4,245 கோடி டாலர் ஒதுக்கியது. அதற்கான விதிமுறைகள் உருவாவதற்கு முன்பே 550 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டது.

1930களில் மின்சாரத்துக்கும் தனியார் நிறுவனங்கள் இதே கணக்கைச் சொல்லின. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே கம்பம் நட்டார்கள். அச்சங்கங்களில் பல இன்று அதே கம்பங்களில் இணைய இழையையும் இழுக்கின்றன.