மூடிக்கும் வாய்க்கும் உள்ள உறவு

கே: சென்ற இதழில் ஜப்பானியச் செம்மண் தேநீர்க் கெண்டியைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு நழுவிவிட்டீர்களே, அது எந்த ஊர்ச் சரக்கு?
(கும்பகோணம் வாசகர்)

ப: நகோயா நகருக்குத் தெற்கே, கடலுக்குள் விரல் நீட்டினாற்போல் இருக்கும் சிதா தீபகற்பத்தின் மேற்குக் கரையில் டோகோநாமே என்றோர் ஊர் உண்டு, ஜப்பானின் ஆறு புராதனச் சூளைத் தலங்களில் ஒன்று என்று போற்றப்படுவது. பன்னிரண்டாம் நூற்றாண்டு தொடங்கிப் பெருந்தாழிகளுக்குப் பேர்போன அவ்வூர்க் குயவர்கள், பிற்காலத்தில் கழிவுநீர்க் குழாய்களையும் சுட்டார்கள். அக்குழாய்களை அடுக்கிச் சுவரெடுத்த ஒரு மேட்டுச் சந்து இன்றும் அங்கே இருக்கிறது. தாழிக்குப் பழகிய அதே ஊர்க் கைகள்தாம், தேநீர்ப் பிரியர்கள் சீனத்து யீசிங் கெண்டிகளின்மேல் மோகம் கொண்டிருந்த காலத்தில், 1854-ஆம் ஆண்டுவாக்கில் சூகியே ஜுமோன் காட்டிய வழியில், உள்ளங்கையில் அடங்கும் செம்மண் கெண்டிகளைச் செய்யத் தலைப்பட்டன. அது போதாதென்று 1878-இல் கோயே ஹோஜு என்னும் சூளைப் பிரமுகர் சீனத்திலிருந்து ஜின் ஷிஹெங் என்ற ஆசானையே வரவழைத்து, மண்தகட்டைப் பலகையால் தட்டித் தட்டிக் கெண்டியாக எழுப்பும் வித்தையைத் தம்மூராருக்குக் கற்பிக்கச் செய்தார். கற்றார்கள், ஆனால் சக்கரத்தை விட்டுவிடவில்லை. குருவின் வித்தையைச் சிரத்தையோடு வாங்கிக்கொண்டு, வீட்டு வித்தையையும் கைவிடாத சிஷ்யர்களை எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

கே: அந்தச் சிவப்பு, சாயமா?
(மதுரை வாசகி)

ப: இரும்பு, அம்மா, இரும்பு! மண்ணில் கலந்துள்ள இரும்பானது, சூளைக்குள் காற்றோட்டம் தாராளமாக இருந்தால் சிவக்கும். காற்றை அடைத்துப் புகையவிட்டால் கறுக்கும். பளபளப்புப் பூச்சு ஏதும் கிடையாது. இந்நாளில் சிவப்பு குறைவுபடாதிருக்க மண்ணோடு காவிப்பொடி சேர்ப்பதும் உண்டு.

கே: அதில் காபி போடலாமா?
(சேலம் வாசகர்)

ப: கூடாது. காபிக்கு டபரா இருக்கிறது.

கே: சக்கரத்தைச் சுற்றினால் பானை வந்துவிடுகிறது. ஒரு சின்னக் கெண்டிக்கு அத்தனை விலை என்றால், அதில் அப்படி என்ன பிரமாதம்?
(திருநெல்வேலி வாசகர்)

ப: வாருங்கள் ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் பேனாவில் மை நிரப்பிக் காத்திருந்தேன்! சக்கரத்தைச் சுற்றினால் பானை வரும், கெண்டி வராது. உடலைத் தனியாக, மூடியைத் தனியாக, மூக்கைத் தனியாக, உள்ளே கூடாக இருக்கும் கைப்பிடியைத் தனியாக, ஒவ்வொன்றையும் சக்கரத்தில் எழுப்பி, அவையெல்லாம் பாதி உலர்ந்து தொட்டால் குழையாத பதத்துக்கு வந்தபின் சீவி மெலிதாக்கி, மெல்லிய மண்வில்லையில் ஊசித்துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தி வடிகட்டியாக்கி, அதை மூக்கு பொருந்தும் இடத்தில் உள்ளே பதித்து, மூக்கையும் பிடியையும் மண்குழம்பு தடவி உடலோடு ஒட்டி, ஒட்டிய தழும்பு தெரியாமல் நீவிவிட்டு, பிறகு பொறுமையாக உலர்த்தித்தான் சூளைக்கு அனுப்புகிறார் அந்தக் கைவினைஞர். (கம்பிவலை வடிகட்டியை உள்ளே சொருகிய கெண்டிகளும் கடையில் கிடைக்கும், அவற்றைப் பற்றி இந்தப் பகுதியில் பேச்சே இல்லை.) சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் உடலும் சுருங்குகிறது, மூடியும் சுருங்குகிறது, இரண்டும் மனமொத்துச் சுருங்கினால்தான் சம்பந்தம் நிலைக்கும். அப்படியும் திருப்தியடையாமல், சுட்டெடுத்த பிறகு மூடிக்கும் வாய்க்கும் நடுவே நுண்ணிய மணற்பொடியும் நீரும் இட்டு, மூடியைத் திருகித் திருகித் தேய்த்து, கரகரவென்ற ஓசை அடங்கி வழுவழுவென்று சுழலும்வரை இழைக்கிறார்கள்.

என் மேஜைமேல் இருக்கும் கெண்டியின் மூடியில், கடுகு நுழையுமளவு ஒரு துளை உண்டு. நீர் வார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் துளையை விரலால் அடைத்தேன். தாரை அறுந்து நின்றது. விரலை எடுத்தேன், மறுபடி ஓடிற்று. அந்தத் துளையன்றி மூடியைச் சுற்றி வேறெங்கும் காற்று புக இடமில்லை என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டுமோ? எட்டுத் தடவை செய்து பார்த்தேன். எட்டாவது தடவையும் ஆனந்தமாகவே இருந்தது. நன்கு சமன்செய்யப்பட்ட கெண்டியைக் கைப்பிடியின் நுனியில் நிமிர்த்தி வைத்தால், மூக்கைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கும் என்பது இன்னொரு விசேஷம். இப்போது விலையைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

கே: சோப்புப் போட்டுக் கழுவலாமா?
(ஈரோடு வாசகி)

ப: வெந்நீர் போதும், சோப்பு மணம் கமழும் தேநீரை யாருக்குக் கொடுப்பீர்கள்?

கே: நான் இடக்கைக்காரன். கைப்பிடி பக்கவாட்டில் இருக்கிறதாமே, எனக்குப் பயன்படுமா?
(தஞ்சாவூர் வாசகர்)

ப: பிடி உங்களை நோக்கியிருக்க, மூக்கு இடப்புறம் பார்க்கும், வலக்கையால் பிடித்துக் கட்டைவிரலால் மூடியை அழுத்திக்கொண்டு, மணிக்கட்டை உட்புறம் சாய்த்தால் தேநீர் விழும். மூக்கை வலப்புறம் மாற்றிவைத்து இடக்கைக்காரர்களுக்கென்றே செய்வதும் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

கே: என் மகனுக்குப் படிப்பில் நாட்டமில்லை, எந்நேரமும் மண்ணைப் பிசைந்துகொண்டிருக்கிறான். குயவுத் தொழிலே கற்பேன் என்கிறான். கண்டிப்பதா, விடுவதா?
(பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்)

ப: அம்மா, அவனைக் கண்டிக்காதீர்கள். டோகோநாமேயில் மூன்றாம் யமாதா ஜோஸான் என்று ஒருவர் இருந்தார், 1924-இல் பிறந்தவர். அந்தப் பெயரைத் தாங்கிய முதல்வர் அவருடைய பாட்டனார், இரண்டாமவர் தகப்பனார். வாழ்நாள் முழுதும் சிறிய கெண்டிகளையே செய்துவந்த அவரை, 1998-இல் ஜப்பானிய அரசாங்கம், மக்கள் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்று வழங்கும் கௌரவத்துக்கு உரியவராக்கிற்று. அவர் 2005-இல் காலமானார். உங்கள் பிள்ளைக்கும் அப்படிப்பட்ட கௌரவம் வரும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வருமானம் நிச்சயம் என்றும் சொல்ல மாட்டேன். அச்சில் மண்குழம்பை வார்த்துச் செய்யும் மலிவுக் கெண்டிகள் அந்த ஊரிலேயே மலிந்திருக்கின்றன. பாட்டில் தேநீர் வந்தபின் ஜப்பானிலேயே கெண்டியில்லாத வீடுகள் பெருகிவிட்டன. இதையெல்லாம் அவனுக்கு மறைக்காமல் சொல்லுங்கள். சொன்ன பிறகும் அவன் மண்ணை விடாவிட்டால், நல்ல குயவர் ஒருவரிடம் ஒரு வருஷம் இருக்க விடுங்கள். எழுதப்படிக்கவும் கணக்குப் போடவும் மட்டும் தவறாமல் கற்கட்டும். அவன் முதலில் செய்யும் பாத்திரம் கோணலாக இருந்தாலும், வீட்டில் அதிலேயே தண்ணீர் வைத்துக் குடியுங்கள்.

கே: ஜப்பானிலிருந்து வந்த என் கெண்டியின் மூக்கு நுனியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருக்கிறது. சொட்டாமல் இருப்பதற்காகவா?
(கோவை வாசகர்)

ப: ஐயையோ, இன்னுமா கழற்றவில்லை? வழியில் மூக்கு உடையாதிருக்கப் போட்ட காப்பு ஐயா அது! ஜப்பானிலேயே பல வீடுகளில் அதை ஏதோ நகைபோல வருஷக்கணக்கில் விட்டுவைத்திருக்கிறார்கள். உள்ளே கறையும் அழுக்கும் சேர்வதுதான் கண்ட பலன். சொட்டாத வண்ணம் நுனியைக் கத்திபோல் சீவிவைத்தவருடைய கைத்திறனை அது மூடி மறைக்கிறது. இப்போதே கழற்றிவிட்டு, கொதித்து ஆறி எழுபது எண்பது டிகிரிக்கு இறங்கிய நீரில் பச்சைத் தேயிலையைப் போட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து, கிண்ணத்தில் கடைசிச் சொட்டுவரை சாய்த்து ஊற்றுங்கள். சாரமெல்லாம் அந்தக் கடைசிச் சொட்டில்தான் இருக்கிறது. அது மூக்கின் அடியில் வழியாமல் கிண்ணத்தில் விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.