கோசுமேல்ல எறங்கப் போற கண்ணுக்கு

டிசம்பர் லீவுக்குக் கால்வெஸ்டன்ல கப்பலேறி மெக்சிகோ போறீங்கன்னு உங்கொப்பன் சொன்னான். சந்தோசங்கண்ணு. கோசுமேலைப் பத்தி நாலு பேரைக் கேட்டா நாலு விதமாச் சொல்றாங்க, ஒருத்தன் சொர்க்கங்கறான், ஒருத்தன் கொள்ளைக் கூடாரங்கறான், ஆரை நம்பறதுன்னு உனக்கு ஒரே வெசனமாமா. நாலு பேரு சொல்றதும் நெசந்தான். நானும் என்ற பையன்கூடப் போயி எறங்கிப்போட்டு வந்தவன்தானே, எப்படின்னு சொல்றேன். கேட்டுப்போட்டு உன்ற இஷ்டத்துக்கே பண்ணு. எப்பவும் அப்படித்தானே பண்ணுவ.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்க. உனக்கு மெக்சிகோவைக் காட்டோணும்னு கப்பல் அங்க போகலை. அமெரிக்காவுல 1886ல போட்ட சட்டம் ஒண்ணு இருக்குது. வெளிநாட்டுக் கொடி கட்டுன கப்பல், அமெரிக்கத் துறையில ஆளேத்துனா, நடுவால வேற நாட்டு மண்ணைத் தொடாம, அமெரிக்கத் துறைகளை மட்டுமே சுத்திக் கொண்டாந்து எறக்கக் கூடாது. இந்தப் பெரிய கப்பலுகள்ல முக்காவாசி பஹாமாஸ், பனாமான்னு கொடி கட்டுனதுதான். கால்வெஸ்டனுக்குக் கிட்டத்துல கெடக்கற அயல்நாடு மெக்சிகோ. சங்கதி அவ்வளவுதான். நீ என்னமோ மாயன் நாகரிகம் உன்னைக் கூப்புடுதுன்னு பாப்பாகிட்டச் சொல்லிட்டிருக்கறயாமா.

கோசுமேல் ஒரு தீவு. நீளம் 48 கிலோமீட்டர் சொச்சம், அகலம் 16. குடியிருக்கற சனம் தொண்ணூறாயிரத்துக்குச் சித்தெ கொறைச்சல், அதுல பெரும்பகுதி சான் மிகேல்ங்கற ஒரே ஊருக்குள்ள. கப்பல் நிக்க மூணு துறை. புன்டா லங்கோஸ்தாவுல கட்டுனா ஊருக்குள்ளயே எறக்கி உட்ருவான், ரோட்டுக்கு மேல பாலத்துல நடந்தாக் கடைவீதி. மத்த ரெண்டும் தெக்கால, நாலஞ்சு கிலோமீட்டர் தள்ளி. உன்ற கப்பல் எதுல கட்டறான்னு இப்பவே பாத்து வச்சுக்கன்னா வச்சுக்க மாட்ட. எறங்கிப்போட்டு, "என்ன இது, ஊரையே காணோம், வெறுங் கடையா இருக்குது"ம்ப. ஊரு இருக்கற எடத்துலதான் இருக்கும் ராசா. நீ நிக்கறது கப்பல்ல வாரவங்களுக்குன்னே கட்டி வச்ச கடைத்தெரு. கப்பல் கம்பெனிக்காரங்களே கட்டி வச்ச துறையும் அதுல ஒண்ணு. மெக்சிகோவைத் திட்டறவங்கள்ல பாதிப் பேரு இந்த வாசலைத் தாண்டவே இல்லை. அங்கயே ரெண்டு மணி நேரம் சுத்தி, ஒரு தொப்பி வாங்கி, தொப்பிக்காரன் ஏமாத்திப்போட்டான்னு அழுதுட்டே கப்பலேறுனவங்க.

அந்த வாசல்ல உன்னைப் பாக்கற பார்வை இருக்குதே, கண்ணபுரம் சந்தைக்குப் புதுசா ஓட்டிட்டு வந்த காளையைத் தரகன் பாக்கற பார்வை. பல்லை மட்டும் புடிச்சுப் பாக்க மாட்டான், கையில கட்டியிருக்கற வாட்ச்சைப் பாப்பான். "மை பிரண்டு, இண்டியா?"ம்பான். நீ உடனே நின்னு பல்லைக் காட்டுவ. நின்னயா, தீந்துது.

ஆனா அவனைத் திருடன்னு சொல்லாத. நாலு கப்பல் ஒண்ணாக் கட்டுனா, பத்துப் பன்னெண்டாயிரம் பேரு காத்தால எறங்கி, பொழுதெறங்கறதுக்குள்ள போயிருவாங்க. அந்த ஏழெட்டு மணி நேரத்துல அவன் கடை வாடகை குடுத்துப் புள்ளகுட்டிகளுக்குச் சோறும் போடோணும். அவன் ஒரு படகுச் சவாரிக்கு அஞ்சு டாலர் எச்சாச் சொன்னா உனக்கு ரத்தம் கொதிக்குது. அதே படகுச் சவாரிக்குக் கப்பலுக்குள்ள கவுண்டர்ல பளபளன்னு சட்டை போட்ட புள்ள இன்னும் எத்தனையோ எச்சாச் சொன்னா, ரூம் கணக்குல எழுதிக்கம்மான்னுபோட்டு வருவ. தொப்பி போட்டவன்கிட்ட ரோசம், கோட்டுப் போட்டவன்கிட்டப் பவ்யம், நம்ம வம்சத்துக்கே உள்ள குணம்.

எங்ககூட வந்த என்ற சம்மந்தி கதை தெரியுமா? உன்ற அண்ணிகிட்டச் சொல்லீராத. கப்பல்லயே ஒரு கூட்டம் வச்சு, எந்தெந்தக் கடையில வாங்கோணும்னு ஒரு படம் குடுப்பாங்க. அந்தப் படத்துல பேரு வாரதுக்குக் கடைக்காரன் காசு கட்டியிருக்கறான். சம்மந்தி அதைப் பத்திரமா மடிச்சுச் சோப்புல வச்சுக்கிட்டாரு. ஒரு கடையில காலணா பெறாத தொங்கட்டான் ஒண்ணு சும்மா குடுக்கறாங்கன்னு உள்ள போனாரு. வெளிய வரும்போது கையில ஊதாக் கல்லு மோதிரம், டான்சனைட்டாமா. "மெக்சிகோவுக்கு வந்ததுக்கு ஒரு ஞாபகார்த்தம் வேண்டாமுங்களா"ன்னாரு. அந்தக் கல்லு ஆப்பிரிக்காவுல டான்சானியாவுல மட்டுந்தான் வெட்டி எடுக்கறது. பட்டை தீட்டறது பெரும்பாலும் நம்ம ஜெய்ப்பூர்ல. வித்த பையனும் வடநாட்டுப் பையன், வெலையை இந்தியிலயே கொறைச்சுக் குடுத்தானாம். மெக்சிகோக்காரன் அதுல எங்க வந்தான்னு கேக்கலாம்னு வாயெடுத்தேன், உன்ற பெரியம்மா மொறைச்சா, உட்டுப்போட்டேன். அவரு இன்னைக்கும் கோசுமேல் மாதிரி ஊரு இல்லீங்கறாரு.

இப்ப மணி சங்கதி, இதைச் சித்தெ நல்லாக் கேளு. கோசுமேல் இருக்கற மாநிலத்துக்காரங்க டூரிஸ்ட்டுக்குச் சாயங்கால வெளிச்சம் கூடக் கெடைக்கோணும்னு 2015ல கடியாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சுக்கிட்டாங்க. கோடைக்கு ஒண்ணு, குளுருக்கு ஒண்ணுன்னு மாத்தறதும் இல்லை. டிசம்பர்ல உன்ற டெக்சாஸ் மணியைக் காட்டிலும் அவங்க மணி ஒரு மணி நேரம் முந்தி. கப்பல்காரன் தன் மணியை மாத்துனாலும் மாத்துவான், மாத்தாமயும் உடுவான். உன்ற போனு மட்டும் ஆரையுங் கேக்காம மாத்திக்கும். வெளிய படகுக்காரன் ஒம்பது மணிக்கு வாங்கன்னா அது அவன் ஒம்பது. நீ கப்பல் ஒம்பதுக்குப் போயி நின்னா, படகு போயி ஒரு மணி நேரம் ஆயிருக்கும். அப்பறம் ஏமாத்திப்போட்டான்னு கத்துவ. சாதாரணக் கைக்கடியாரம் ஒண்ணைக் கப்பல் மணிக்கு வச்சுக் கட்டிக்க. உங்கொப்பனுக்குக் கல்யாணத்துல போட்டது பொட்டியில சும்மாதான் கெடக்குது.

டாக்சிக்கு மீட்டர் கெடையாது. எங்க போக எவ்வளவுன்னு ஸ்டாண்டுல போர்டு இருக்கும், பாத்துப் பேசிப்போட்டு ஏறு. இன்னொண்ணு, பெசோவுக்கும் டாலருக்கும் ஒரே குறி, எஸ்ஸுக்குக் குறுக்கால கோடு. எங்க கப்பல்ல வந்த ஒரு மனுசன் சாப்பாட்டுக் கடை அட்டையில 180ன்னு பாத்துப்போட்டு, நூத்தியெம்பது டாலரான்னு பொண்டாட்டியை இழுத்துட்டு வெளிய ஓடிட்டாரு. அது பத்து டாலர். டாலருக்குப் பதினேழுல இருந்து இருவது பெசோ வரைக்கும் ஏறி எறங்கிட்டிருக்கும். கார்டு போடற மிசின் டாலரா பெசோவான்னு கேட்டாப் பெசோன்னு அமுத்து. டாலர்ன்னா மிசின்காரன் வச்சதுதான் வெலை.

சோறுன்னதும் ஞாபகம் வருது. நீங்க ரெண்டு பேரும் சைவம்னு கப்பல்ல எழுதிக் குடுத்திருப்பீங்க. வெளிய அது செல்லாது. பயறுதானேன்னு கடைஞ்ச பீன்சைக் கேட்டு வாங்குவீங்க. அதைப் பன்னிக் கொழுப்புல தாளிக்கறது அவங்க வழக்கம். மாந்தேக்காங்கறது அதுதான், இல்லைன்னு சொல்லச் சொல்லிக் கேட்டு வாங்கு. கேக்காம ரெண்டு தட்டு தின்னுபோட்டு நெம்ப ருசின்னு எனக்குப் போட்டோ அனுப்பாத. சான் மிகேல்ல கடலோர வீதியை உட்டு நாலு தெரு உள்ள தள்ளிப் போனா தொர்தியா சுடற கடை இருக்கும். நம்ம பக்கம் கோழித் தீவனத்துக்குப் போடற மக்காச்சோளந்தான். அதைச் சுண்ணாம்புத் தண்ணியில வேக வச்சு, ஊற வச்சு, தோலு கழண்டதும் கழுவி அரைக்கறான். மாவு மிசின்ல உழுந்து வட்ட வட்டமா வெட்டிக்கிட்டு, இரும்புப் பட்டையில ஊர்ந்து போயி, உப்பி, அந்தக் கடைசியில ஆவி பறக்க உழுகுது. ஒரு அம்மிணி அதைத் தாள்ல சுத்திக் கிலோக் கணக்குல நிறுத்துக் குடுக்குது. நான் நின்னு பாத்துட்டிருந்ததைப் பாத்துச் சூடா ஒண்ணை எடுத்து உப்பைத் தூவி நீட்டுச்சு, காசு வாங்கலை. கூட வெச்சுத் திங்க ஆரஞ்சு நெறத்துல அபனேரோ மொளகாய்ச் சட்னி இருந்துது. பழவாசம் அடிக்கும். "நாம பாக்காத மொளகாயுங்களா"ன்னு சம்மந்தி ஒரு கரண்டி எடுத்தாரு. அப்பறம் அரை மணி நேரம் அவரு பேசலை. அந்த ஊருல எனக்குப் புடிச்ச நேரம் அதுதான்.

ராத்திரி கப்பல் சாப்பாட்டு மேசையில உக்காந்து கேட்டாத்தான் தமாசு. ஒரே நாளு, ஒரே தீவு. ஒரு குடும்பம் துலும் இடிபாட்டைப் பாக்கோணும்னு பெரி ஏறி அக்கரைக்குப் போயிருக்குது. முக்கால் மணி நேரம் அலை தூக்கித் தூக்கிப் போட்டதுல புள்ளைக வாந்தி. அப்பறம் பஸ்ஸு ஒரு மணி நேரம். இடிபாட்டை வெயில்ல சித்தெ நேரம் பாத்துப்போட்டு மறுக்கா பஸ்ஸு, மறுக்கா பெரி, மறுக்கா வாந்தி. அவங்களுக்கு மெக்சிகோ ஆகாது. பக்கத்துல ஒரு சின்னஞ்சிறுசு சோடி, பலாங்கார் பவளப்பாறையில மீனுகளோட மெதந்துட்டு வந்துது, அதுகளுக்குப் பேச்சே வரலை. இன்னொருத்தர் ஜீப்பு வாடகைக்கு எடுத்துக் கிழக்குக் கரைக்குப் போயிருக்காரு. அங்க கரண்டுக் கம்பியே போகலை, கடைக்காரங்க சூரிய வெளிச்சத்துலயும் ஜெனரேட்டர்லயும் ஓட்டறாங்க. அது அழகுன்னு அவரு. கரையெல்லாம் கடல்பாசி ஒதுங்கி நாறுதுன்னு அவரு ஊட்டம்மா. கேட்டுக்கிட்டே நான் ரெண்டாவது தடவை ஐஸ்கிரீம் வாங்கித் தின்னேன்.

நாங்க ரெண்டு கெழடுக போனது சான் ஹெர்வாசியோ. மாயன் காலத்துப் பொம்பளைக வள்ளத்துல கடல் தாண்டி வந்து கும்புட்ட ஈஷ்செல் சாமி எடம். புள்ளப்பேறு, வைத்தியம், நெசவு எல்லாம் அந்தச் சாமி கணக்குல. கட்டடமெல்லாம் குட்டை குட்டையா இருக்கும். பெரிய பிரமிடு இருக்கும்னு வந்த ஒருத்தர், இதுக்கா காசுன்னு சண்டை. கல்லு மேல உடும்பு மாதிரி ஒருத்தன் வெயில் காஞ்சுட்டு ஆரையும் சட்டை பண்ணாமக் கெடந்தான். உன்ற பெரியம்மா கையெடுத்துக் கும்புட்டு உங்களுக்கு ரெண்டாவதுக்கு வேண்டிக்கிட்டா. தகவலுக்குச் சொல்றேன்.

நீ ஒண்ணே ஒண்ணைப் புடி. மீனா, மண்டபமா, தெருவான்னு கப்பல்லயே முடிவு பண்ணு. நீ பண்ண மாட்ட, காத்தால கடலு, மத்தியானம் மண்டபம், சாயங்காலம் கடைன்னு கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு வச்சிருப்ப. கடல்னு முடிவானா, நட்சத்திர மீனைத் தண்ணிக்கு வெளிய தூக்கிப் பாப்பா கையில குடுத்துப் போட்டோ புடிக்காத, செத்துப்போயிரும். 2019 அக்டோபர்ல பவளத்துக்குச் சீக்கு வந்து பலாங்கார், எல் சியேலோங்கற எடங்களையெல்லாம் கொஞ்ச நாளைக்கு மூடியே போட்டாங்க. இது பத்தாதுன்னு நாலாவதா ஒரு துறை கட்டோணும்னு ஒரு கூட்டம் கெளம்புச்சு, பவளத்தைக் கெடுக்காதீங்கன்னு ஊர்க்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. நீ ஊருக்கு வந்ததுக்கு அவங்கல்லாம் பூ எறைச்சு வரவேற்கலையேன்னு கோவிச்சுக்காத.

இன்னொண்ணு மறந்துட்டேன். டிசம்பர்ல வடகாத்து கெளம்புச்சுன்னா துறையையே மூடிருவாங்க. கப்பல் தூரத்துல தீவைக் காட்டிப்போட்டுப் போயிரும். துறைக் கட்டணத்தைத் திருப்பிக் குடுப்பான், அவ்வளவுதான். அப்பவும் நீ ஆபீசுல போயி மெக்சிகோ போயிட்டு வந்தேன்னுதான் சொல்லுவ.

எறங்குனா ஒரு மணி நேரம் முன்னாலயே திரும்பி வந்துரு. மேல் தட்டுல துறையைப் பாத்த மாதிரி நாற்காலியைப் புடிச்சு உக்காந்துக்க, காசில்லாத கூத்து அதுதான். நாங்க போனது கோடையில. பக்கத்துல நின்ன கப்பல் மியாமியில இருந்து வந்தது. கோடையில அவங்க மணி ஊரு மணிக்கு ஒரு மணி நேரம் முந்தி. போனைப் பாத்து இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குதுன்னு உக்காந்திருந்தவங்க, சங்கு ஊதுனதும் கையில குப்பி, தோள்ல துண்டு, தலையில ஒரு பாகம் அகலத் தொப்பியோட கப்பல் கட்டற அந்த நீளப் பாலத்துல ஓடி வந்தாங்க. ரெண்டு கப்பல்லயும் சனம் கம்பியைப் புடிச்சுட்டு நின்னு கை தட்டுது. கப்பல்காரன் கூட்டிட்டுப் போன கூட்டம்னா காத்திருப்பான், தானாப் போனவனுக்கு நிக்க மாட்டான். ரூம் பொட்டியில நீ வச்ச பாஸ்போர்ட்டை எடுத்துத் துறை ஏஜெண்டு கையில குடுத்துப்போட்டுக் கயித்தை அவுத்துருவான். அதனால ஓடற நெலைமை வந்துதுன்னா, மொதல்ல தொப்பியைத் தூக்கி எறிஞ்சுபோட்டுப் பாப்பாவைத் தூக்கிக்க, உன்ற அம்மிணியை முன்னால ஓட உடு. பாலத்து முனையில ஆராச்சும் உன்ற பேரைக் கேட்டு, சிரிச்சுக்கிட்டே பாஸ்போர்ட்டை நீட்டுனான்னா, பதனமா வாங்கிக்கிட்டு, ஓடறதை நிறுத்திப்போட்டு, ஏர்போர்ட்டுக்கு டாக்சி எவ்வளவுன்னு அந்தப் போர்டைப் பாரு.