சின்னக் கட்டமே, நீ வாழ்க!

விளாத்திகுளத்துக் கரிசக்காட்டில் ஐயாயிரம் ரூபாய் கடன் வாங்க ஒரு காலத்தில் என்ன பாடு! புரோநோட்டு, ரெவின்யூ ஸ்டாம்பு, சாட்சிக்கு ரெண்டு ஆள். கைநாட்டு வைக்கிறவர்கூட, "என்ன எழுதியிருக்கு, ஒருக்கா வாசிங்க" என்பார். செல்போன் திரையில் குடியிருக்கும் சின்னக் கட்டமே, இந்த இம்சையிலிருந்து எங்களைக் கரையேற்றிய புண்ணியவானே, வாழ்க!

உன் கருணைக்குச் சாட்சியாக என் மாமா ஒருவர் போதும். மக்காச்சோளம் விதைக்கப் பணமில்லாமல் ஒரு கடன் செயலியைத் திறந்தார்.

"வாசிச்சுப் பாத்தீகளா மாமா?"

"எல்லாம் இங்கிலீசுல கெடந்துச்சு மாப்ளே. டிக் அடிச்சாத்தான் அடுத்த பக்கம் போகுது. அடிச்சேன்."

விரல் நோகுமே என்று சில இடங்களில் நீயே டிக் அடித்துக்கொண்டு வருகிறாய். கேட்காத இன்சூரன்சையும் மடியில் கட்டி அனுப்புகிறாய். பெற்ற தாய் செய்வாளா?

இருவரும் ஒரே பொருளை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொள்வதே சம்மதம் என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பழம்பஞ்சாங்கம் படிக்கிறது. மாமா நினைத்தது விதைப்புப் பணத்தை. நீ நினைத்தது அவர் போனிலுள்ள நம்பர்களை. இரண்டும் ஒன்றே என்று கண்ட ஞானி நீ! மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் உனக்கு மாலை போட்டிருக்கிறது. 'ஒரே காரணத்துக்காக' என்பதை மட்டும் உன் அடியார்கள் வாசிப்பதில்லை. வாசிக்காமல் ஒப்புக்கொள்வதுதானே உங்கள் மரபு!

உன் அண்ணன் உன்னிலும் பெரிய மகான். அவருக்கு டிக்கே வேண்டாம். இணையதளத்துக்குள் எட்டிப் பார்த்தாலே சம்மதம். எட்டயபுரம் ஆட்டுச்சந்தையைப் பஸ் ஜன்னலில் பார்த்தவன் மடியில் நாலு கிடாயைத் தூக்கிப்போட்டு, "பாத்துட்டீரே, பணத்தை எடும்" என்கிற நேர்மை. நாளைக்கு விலையை மாற்றினாலும் நேற்றே ஒத்துக்கொண்டதாக எழுதிவைக்கும் தீர்க்கதரிசனம் வேறு.

பொறாமைக்காரர்களும் உண்டு. கடன் செயலிகள் போனிலுள்ள தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் சொன்னது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் உன் கலைகளில் 13 வகைக்குப் பெயர் சூட்டித் தடை போட்டது. கலைஞனுக்கு விருது கிடைத்தால் இப்படித்தான் எரிச்சல் வரும்.

தவணை ஒருநாள் தள்ளிப்போனது. மாமாவின் சம்பந்திக்கு முதல் போன் போனது, அடுத்து உரக்கடைக்காரருக்கு, பிறகு எனக்கு. மாமா உன்னை மனமாரப் பாராட்டினார்:

"புரோநோட்டுக்கு ரெண்டு சாட்சிதான் கேப்பாக மாப்ளே. இவுக முன்னூறு பேரைக் கூப்புட்டுட்டாக."