தெரிந்த தெரு, தெரியாத ஊர்

கேள்வி: பாரிமுனையில் நான் தினமும் போய்வருகிற தெருக்களை, ஆகஸ்ட் மாதம் வந்தால் கும்பலாக நடந்து சுற்றிப் பார்க்கிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: ஸ்கூட்டரில் போகிறவர் கண்ணுக்குத் தெரிவது மூன்றுதான்: பள்ளம், மாடு, முன்னால் போகும் ஆட்டோ. அரண்மனைக்காரத் தெருவில் ஒருநாள் இறங்கி நடந்து பாருங்கள். 1772-இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் அங்கே நிற்கிறது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794-இல் அச்சானது எங்கே தெரியுமா? ஆர்மீனியாவில் அல்ல, இதே சென்னையில்! நடத்தியவர் ஷ்மவோனியன் என்ற பாதிரியார். அதே தெருவில் கச்சாலீஸ்வரர் கோயிலும் உண்டு. ஆர்மீனிய வணிகரும் சிவபக்தரும் ஒரே தெருவில் புழங்கிய ஊர் இது. எனக்கு இதில் அளவில்லாத பெருமை.

ஏன் ஆகஸ்டில் என்கிறீர்களா? 1639 ஆகஸ்ட் 22-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்ததை வைத்து, சென்னை வரலாற்று எழுத்தாளர் எஸ். முத்தையாவும் நண்பர்களும் 2004-இல் மெட்ராஸ் தினத்தைத் தொடங்கினார்கள். கம்பெனிக்காரன் பத்திரம்தான் ஊரின் பிறப்புச் சான்றிதழா என்று மயிலாப்பூர்க்காரர்கள் கேட்பது முழு நியாயம். கபாலீசுவரர் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்தவர். ஆனால் கொண்டாட ஒரு தேதி இருந்ததால்தானே இத்தனை பேர் நடக்கிறார்கள்! பார்க்க ஆளில்லாத பழைய கட்டடத்தை இடிப்பது சுலபம்; நூறு பேர் தேடி வந்து பார்க்கிற கட்டடத்தில் கை வைக்க யோசிப்பார்கள்.

ஞாயிறு விடியற்காலையில் போங்கள். வண்டி நெரிசல் இராது, மாடி ஜன்னல்களை நிமிர்ந்து பார்க்கலாம். வழிகாட்டி சொல்வதைக் கேட்டுவிட்டு, அங்கேயே பல காலமாகக் கடை வைத்திருக்கும் பெரியவரிடமும் பேச்சுக் கொடுங்கள். புத்தகத்தில் ஏறாத பாதி வரலாறு அவரிடம்தான் இருக்கும்.