அரைமுகச் சிரக்கவச வர்ண நிர்ணயம்

பிரயோஜனம் கூறாது நூல் தொடங்குதல் மரபன்று ஆதலால், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே மோட்டார் சைக்கிளில் போய்வரும் பெருமக்கள், முகவாயை வெயிலுக்கும் விதிக்கும் விட்டுவிட்டுத் தலையை மட்டும் மூடுகின்ற பழைய பாணி ‘ஓப்பன் பேஸ்’ ஹெல்மெட்டை எங்ஙனம் தேர்ந்து எவ்வர்ணம் பூசுவிப்பது என ஆராய்தலே இந்நூலின் பயன் என்க.

அளவு: தலைக்குப் பொருந்துவது.

வார்: மாட்டினால்தான் வார்.

சட்டம்: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 129ஆம் பிரிவு, உரை வேண்டாதது.

பழமை: என்ஃபீல்டு இந்தியா தோன்றிய 1955ஐ ஒட்டிய வடிவமே பழைய பாணி என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. சாத்தனூரில் 18 மீட்டர் மரமொன்று கல்லாய்க் கிடக்க, சுண்ணாம்புக்கல் பூமியில் அம்மோனைட்டுகள் அகப்பட, பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டிலேயே இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என முத்திறப்படுத்திப் போயிருக்க, கிரெடேசியஸ் யுகம் முடிந்தே 6.6 கோடி ஆண்டான இம்மண்ணில் நின்றுகொண்டு, சென்ற மாதம் செய்த ஹெல்மெட்டைப் ‘பழசு’ என்பது, கல்வெட்டில் மூன்றெழுத்துச் சிதைந்த இடமெல்லாம் தம் சொந்த ஊர்ப் பெயரையே கண்டெடுக்கும் பண்டிதர்களுக்கன்றிப் பிறர்க்குத் தகாது.

வர்ணம்: இதற்கு நூற்பா,

‘பச்சை பூசினும் பழுப்புப் பூசினும்
சிமிட்டி நிறமே சேரும் என்ப.’

‘என்ப’ என்றமையால் இது முன்னோர் துணிபு, அம்முன்னோரும் யாமே. வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிரைமர் கொடுத்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவே வெள்ளைக் கோடு விட்டு, மேலே கிளியர் கோட் அடிப்பதே முறை என்றும், தின்னர் உட்புறம் ஒழுகினால் தலையைக் காக்கும் தெர்மாகோல் கரைந்து ஹெல்மெட் வெறும் அலங்காரமாகிவிடும் என்றும் எச்சரிப்பர் (பட்டறை உரை). ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் சேர்த்துத் தேய்த்தவனுக்கு அவ்வலங்காரமும் சாலைச் சோதனையில் செல்லாது என்பர் (பின்னிருக்கை உரை, வேகத்தடைப் படலம், மனைவியார் பதிப்பு). சிமிட்டி ஆலை லாரிகளின் பின்னே போகிறவனுக்குக் கோடு எது, நிறம் எது என்பதே மாயை என முடிப்பர் வேறொருவர் (தேநீர்க்கடை உரை, மேற்குப் பெஞ்சு, கிழிந்த செய்தித்தாள் ஏடு, இரண்டாம் தேநீர், சர்க்கரை குறைவு, மூன்றாம் தேநீரில் இப்பாடம் இல்லை).

சித்தாந்தம்: எனவே தொடக்கத்திலேயே சாம்பல் வர்ணம் பூசுவிப்பதே சாஸ்திர சம்மதம் எனத் துணிந்து, இவ்வாய்வு முழுவதையும் பெயிண்டரிடம் படித்துக்காட்டி, கூலி யாதென வினவினோம்.

“அதுக்கு எதுக்கு சார் காசு? ஒரு மாசம் லாரிக்குப் பின்னாடி போங்க, அந்தக் கலரு தானா வந்துரும்.”

இவ்வாக்கியத்தின் காலத்தையும் பாட பேதங்களையும் ஆராயும் இரண்டாம் தொகுதி அச்சில் உள்ளது.