ரெண்டு சகலை, ஒரு பிளக்

திண்டுக்கல் பக்கம் ஓடும் மின்சாரக் கார்களின் பூர்வீகத்தை விசாரித்தால் ஒரு வேடிக்கை தெரியவரும். 2022 செப்டம்பரில் 8.49 லட்சத்துக்கு அறிமுகமான டாடா டியாகோ இவி, குஜராத்தின் சானந்தில் தயாராகிறது. 2025 ஜனவரியில் 49 லட்சம் விலையோடு வந்த பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1, நம்ம செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் பூட்டப்படுகிறது. சீமைப் பெயர்க்காரன்தான் மண்ணின் மைந்தன். சாதுவாக நிற்கிறானே டியாகோ, அவன் அசலூர்.

சின்னாளபட்டியில் ஓய்வுபெற்ற ஒரு மாமனாருக்கு இந்த இரண்டு ஜாதிக் காரும் மருமகன்கள் வழியாக வாசலுக்கு வந்து சேர்ந்தன. மூத்த மாப்பிள்ளை வேடசந்தூர் நூற்பாலையில் கணக்கர். அவருடையது 24 யூனிட் பேட்டரி கொண்ட சின்ன கார். இளையவர் பெங்களூரு, அவருடையது 66 யூனிட் பேட்டரி கொண்ட பெரிய கார். ஈபி கார்டில் எழுதுகிற அதே யூனிட்தான். இரண்டுக்கும் ஜிஎஸ்டி ஒரே 5 சதவீதம் என்பதால், மருமகன்கள் இருவரையும் சரிசமமாக நடத்துவது ஒன்றிய அரசு மட்டுமே.

பேரனுக்குப் பழனியில் மொட்டை, காதுகுத்து. முதல் நாள் இரவே இரண்டு குடும்பமும் வந்தாயிற்று. வீட்டு வாசலில் இருப்பதோ, கிரைண்டருக்காக என்றோ போட்ட ஒரே ஒரு பதினைந்து ஆம்பியர் பாயிண்ட்.

“நீங்க போடுங்க சகலை.”

“அட, நீங்க மூத்தவரு, நீங்க போடுங்க.”

இப்படி ஆளுக்கு நாலு தடவை சொன்ன பிறகு, “தூரத்துல இருந்து வந்தவரு, அவரு போடட்டும்” என்று மாமனார் தீர்ப்பு சொன்னார். மூத்தவரின் மாப்பிள்ளை முறுக்கு அந்த நிமிடம் தொடங்கியது.

ஆனால் பெரிய காரின் சார்ஜரில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு நேராகக் கொல்லைப்புறம் போனார். அங்கே உப்பும் அடுப்புக்கரியும் போட்டு மூடிய எர்த் குழி, கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மிக்ஸியும் கிரைண்டரும் எர்த் இருக்கா என்று கேட்பதில்லை. மின்சாரக் காரின் சார்ஜர் கேட்கும், இல்லையென்றால் ஒரு யூனிட்கூட வாங்காது. மாமியார் இரண்டு குடம் தண்ணீரைக் குழியில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு. அரை கோடி ரூபாய்க் காருக்கு வைத்தியம் ரெண்டு குடம் போர் தண்ணி.

பச்சை எரிந்தும் கணக்கு இடித்தது. அந்தப் பாயிண்ட் மணிக்கு மூன்று யூனிட் கொடுத்தாலே அதிகம். சின்ன கார் காலியாக வந்து நின்றாலும் எட்டொன்பது மணி நேரத்தில், அதாவது ராத்திரி மாட்டினால் காலையில், நிறைந்துவிடும். பெரியதற்கு முழுதாக ஒரு நாள் பக்கம் ஆகும். அதைவிட மாமனார் வயிற்றைக் கலக்கியது வேறு. இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட். அதில் முக்கால் பாகத்தை இளைய மாப்பிள்ளையின் கார் ஒரே மூச்சில் குடித்துவிடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறும். “விருந்து எத்தனை நாளு மாப்ள?” என்று அவர் கேட்டதில் பாசம் மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

நாற்கரச் சாலைக்கு வந்தால் பெரிய காரின் மவுசு ஏறும் என்று எதிர்பார்க்கலாம். வேகமான சார்ஜர் கிடைத்தால் அது 10-லிருந்து 80 சதவீதத்துக்கு அரை மணியில் ஏறும். சின்னதற்கு ஒரு மணி நேரம். ஆனால் வழியில் கிடைப்பது 60 கிலோவாட் மெஷின் என்றால் பெரியதும் ஒரு மணி நேரத்தை நெருங்கிவிடும். அதே மெஷினின் பக்கத்துச் சார்ஜிங் துப்பாக்கியில் இன்னொரு வண்டி மாட்டி மின்சாரம் பாதியாகப் பிரிந்ததோ, அதற்கும் மேல். இரண்டு சகலையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டீயைக் குடிக்க வேண்டியதுதான். இருந்தாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து சின்னாளபட்டி வரைக்கும் பெரிய காரை ஒரு தடவை நிறுத்தினால் போதும். சின்ன காருக்கு விளம்பரம் சொன்னது 315 கிலோமீட்டர். ஏசி போட்டு ஓட்டினால் 200-ஐ ஒட்டித்தான் கிடைக்கும்.

பழனிக்குப் போக அறுபது, வர அறுபது. இரண்டுமே அலட்டிக்கொள்ளவில்லை. மொட்டை முடிந்த கையோடு யாரோ கொடைக்கானல் என்றார்கள், இ-பாஸும் எடுத்தாயிற்று.

மலைதான் உண்மையான பரீட்சை. திண்டுக்கல் சமவெளியிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,400 கிலோ வருகிற சின்ன காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் தோராயமாக 7 யூனிட் வேண்டும். இரண்டே கால் டன் பெரிய காருக்கு 11. செலவு பெரியதற்கு அதிகம்தான், ஆனால் 66-ல் 11 போனால் அதற்கு உறைக்காது. 24-ல் 7 போனால், அதோடு சாலையில் ஓடுகிற செலவும் சேர்ந்தால், முருகா என்று கூப்பிட வேண்டியிருக்கும். மலையடிவாரக் காட்ரோட்டில் ஏசியை அணைத்த மூத்தவர் கொடைக்கானல் வரை மீட்டரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. வெள்ளி அருவியைப் பார்த்தீர்களா என்று அவரிடம் யாரும் கேட்கக் கூடாது.

விடுதியிலும் ஒரே பாயிண்ட். மூத்தவருக்குச் சாயங்காலம் நாலு மணி நேரம், இளையவருக்கு ராத்திரி முழுக்க. காலையில் பெரியது நூற்றுக்கு நூறு, சின்னது முக்கால்.

இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி, பேட்டரியை ஏற்றிவிடும். ஆனால் நிறைந்த பேட்டரியில் இடமேது? முதல் சில வளைவுகளுக்கு இளையவர் பிரேக்கை மிதித்தே வந்தார். மூத்தவரின் மீட்டரோ பின்னோக்கி ஓடியது. காட்ரோட்டுக்கு வந்தபோது கிளம்பியதைவிடச் சார்ஜ் கூடுதல். அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இளையவர் பார்த்ததற்கான நீல டிக் மட்டும் விழுந்தது.

மாமனார் மறுநாள்தான் பதில் போட்டார். அதுவும் ஒரு படம். ஈபி கணக்கெடுப்பு: 512 யூனிட்.