சும்மா டெஸ்டுக்கு

மின்னசோட்டா ஜனவரியில் ஃபிரிட்ஜுக்குள் ஹீட்டர் வைத்திருக்கும் ஆளைப் பார்க்க வேண்டுமா? எங்கள் வீட்டு கராஜுக்கு வாருங்கள். வெளியே மைனஸ் 20 டிகிரி. ஃபிரிட்ஜுக்குள் நான் காய்ச்சிய பீர் 3 டிகிரியில் இருந்தாக வேண்டும், விட்டால் உறைந்துவிடும். ஃபிரிட்ஜைச் சூடாக்கக் கரண்ட் பில் கட்டும் ஒரே தமிழ்க் குடும்பம் நம்முடையதுதான் என்கிறாள் மனைவி.

வீட்டில் பீர் காய்ச்சச் சட்டத்தில் இடமிருக்கிறது. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். மனைவி பீரை மோந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனாலும் அவள் பங்கு 100 கேலன் அரசாங்கக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. திருமணத்தின் பயன்களை யாரும் முழுதாகச் சொல்லித் தருவதில்லை.

நான் பீர் ஏற்றும் கெக், ஒரு காலத்தில் பெப்சி சிரப் சுமந்த ஐந்து கேலன் எஃகு உருளை. மூடியிலுள்ள பழைய ரப்பர் வளையங்களை மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தன் பூர்வஜென்ம வாசனையைப் பீரில் இறக்கிவிடும்.

காய்ச்சுவது ஒருநாள் கூத்து. அப்புறம்தான் வேலையே. புளித்து முடித்த புதுப் பீரில் பச்சை ஆப்பிள் வாடை வரும், சிலசமயம் வெண்ணெய் வாடையும். கொஞ்சநாள் குளிர வைக்காமல் விட்டால், அந்த வாடைகளைக் கிளப்பிய ஈஸ்டே அவற்றைத் தின்று தீர்க்கும். தான் போட்ட குப்பையைத் தானே அள்ளும் பிறவி என் வீட்டில் அது ஒன்றுதான். பிறகு குளிரில் வைத்தால் ஈஸ்ட் அடியில் படியும். 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கார்பன் டையாக்சைடைத் திறந்துவிட்டால், ஒன்றிரண்டு வாரத்தில் பீர் தானாக நுரை கட்டும். பொறுக்காதவர்கள் 30 பிஎஸ்ஐ ஏற்றி, கெக்கை மடியில் போட்டுப் பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல ஆட்டுவார்கள். நுரை வரும், ருசி வராது.

கெக்கின் உள்குழாய் அடியிலிருந்துதான் உறிஞ்சும். ஆகவே முதல் கிளாஸ் வண்டலாகத்தான் வரும். விருந்தோம்பல் கருதி அதை நண்பனுக்குக் கொடுத்துவிடுவேன்.

அந்த நண்பன்தான் பிரச்சினையே. ஐபிஏ வகைப் பீர் என்றால் ஹாப்ஸ் பூவின் மணம் போவதற்குள் குடித்துவிட வேண்டும், நியாயம். கரேலென்ற இம்பீரியல் ஸ்டவுட் அப்படியல்ல. அதன் காரமும் கசப்பும் அடங்க மாதக்கணக்காகும். அவனுக்கோ எல்லாமே ஐபிஏதான். "மாப்ள, சும்மா டெஸ்டுக்கு ஒரு கிளாஸ்" என்று சனிக்கிழமைதோறும் வந்து நிற்பான். எஃகு உருளைக்குள் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாது. அது அவனுக்கு வசதி.

போன மார்ச்சில் ஸ்டவுட் கெக்கின் குழாய் 'புஸ்' என்று காற்றைத் துப்பியது. கடைசியாக விழுந்த அரை கிளாஸ் அவன் கையில். ஒரு வாய் குடித்தான், கண்ணை மூடினான், தலையை ஆட்டினான்.

"இப்பதான்டா பக்குவத்துக்கு வந்திருக்கு. அவசரப்பட்டுட்ட மாப்ள, இன்னும் ரெண்டு மாசம் யாரையும் தொடவிடாம வெச்சிருக்கணும்."